உரம் ஆழத்திலிருந்து வரட்டும், ஊற்று வற்றாமல் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் வட யோர்க்ஷயரில் உரக் கனிமத்துக்காக அமைக்கப்பட்டுவரும் ஆழ் சுரங்கத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் 34 ஆண்டுகள் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். உரச் சாக்கைக் கண்டால் இன்றும் ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் என்னால் கடந்து போக முடியாது. அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட இரண்டு விடயங்கள் என் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

வூட்ஸ்மித் என்ற அந்தச் சுரங்கத்தின் ஆழம் ஏறத்தாழ 1,600 மீற்றர். பண்டாரவளை நகரிலிருந்து நேர் கீழே கடல் மட்டம் வரை தோண்டினாலும் அந்த ஆழம் வராது. அங்கே கிடைப்பது பொலிஹெலைட். சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஒரு கடல் விட்டுச் சென்ற உப்புப் பாறை அது. பொட்டாசியம், கந்தகம், மக்னீசியம், கல்சியம் நான்கும் ஒரே கல்லில் இருக்கின்றன. வெட்டி, நொறுக்கி, மணியாக்கினால் உரம். இரசாயனச் சுத்திகரிப்பு தேவையில்லை என்பதால் கழிவு மலை குவிவதில்லை. தேசியப் பூங்காவுக்குள் அமைந்த சுரங்கம் என்பதால், வெட்டிய கல்லை லொறிகளில் ஏற்றாமல் 37 கிலோ மீற்றர் நீளச் சுரங்கப் பாதை வழியாகவே துறைமுகப் பக்கம் கொண்டுசெல்லத் திட்டமிட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் நான் மனமாரப் பாராட்டுகிறேன். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்காமல் விவசாயம் இல்லை. ஆயிரம் கிலோ தேயிலைத் தூளோடு ஏறத்தாழ 20 கிலோ பொட்டாசியம் நம் மலையை விட்டுக் கப்பலேறிப் போகிறது. நம் நாட்டில் பொட்டாசியச் சுரங்கம் கிடையாது. எவரோ எங்கோ ஆழத்தில் இறங்கி வெட்டித்தான் நமக்கு அது வந்து சேர வேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. அந்த ஆண்டு சுமார் 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 250 மில்லியன் கிலோவாகச் சரிந்தது. கவ்வாத்து வெட்டிய, அதாவது செடியைக் கத்தரித்துவிட்ட, மலைகளில் செடி தளிர்க்கத் திணறியதை நான் பார்த்தேன். முதிர்ந்த இலைகளின் ஓரம் தீப்பட்டதுபோல் கருகியது. பொட்டாசியம் குறைந்த செடியின் அடையாளம் அது. நாள் முழுவதும் நின்று எடுத்தும் நிறுவைக்குக் கொழுந்து காணாமல், முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், போட வேண்டிய பெண் அரைப் பேரோடு லயத்துக்குத் திரும்பினாள். தடை நவம்பரில் தளர்த்தப்பட்டது. பட்டினி கிடந்த செடி அதற்காக மறுநாளே எழுந்து நிற்கவில்லை.

ஆகவே சுரங்கமே கூடாது என்று சொல்லும் ஆள் நான் அல்ல. எந்த முறையில் தோண்டுகிறார்கள் என்று கேட்கும் ஆள். அதுதான் நான் சொல்ல வந்த முதல் விடயம்.

அப்படிக் கேட்க வைத்தது பண்டாரவளை. உமா ஓயா ஆற்று நீரைத் திருப்பும் திட்டத்துக்காக மலையைக் குடைந்தபோது, 2014 டிசம்பரில் சுரங்கப் பாதைக்குள் நீர் பீறிட்டது. மேலே கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. தலைமுறைகளாக மரக்கறியும் நெல்லும் விளைந்த இடங்களில் குடிநீருக்கு பௌசரை எதிர்பார்த்து மக்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். 2017 ஜூனில் பண்டாரவளையில் திரண்ட கூட்டத்தை நேரில் பார்த்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அங்கே நீர் முதலில் வந்தது, அடைப்பு பின்னால் வந்தது. ஆழ் சுரங்கத் தொழிலில் முறை இதற்கு நேர்மாறானது. நீர் தாங்கும் பாறையை எட்டுமுன்பே துளையிட்டுப் பார்த்து, வெடிப்புகளுக்குள் சீமெந்துக் கூழை அழுத்திச் செலுத்தி அடைத்த பிறகே அடுத்த அடி இறங்குவார்கள். அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். வூட்ஸ்மித்தைத் தொடங்கிய நிறுவனத்தால் நிதி திரட்ட முடியாமல் போய், 2020இல் அது அங்லோ அமெரிக்கன் என்ற சுரங்க நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2024இல் அந்த நிறுவனமும் வேலையின் வேகத்தைக் குறைத்தது. வேகம் குறைந்ததைத் தோல்வி என்று தங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தார். நான் உடன்படவில்லை. பணம் இல்லாத நேரத்தில் அவசரமாகத் தோண்டுவதைவிட நிறுத்திவைப்பது எவ்வளவோ மேல்.

நம் நாட்டிலேயே உரக் கனிமம் இருக்கிறது. அனுராதபுர மாவட்டத்தில் 1971இல் கண்டறியப்பட்ட எப்பாவல பொஸ்பேட் நம் தேயிலைக்கு நன்கு ஒத்துவரும். எளிதில் கரையாத அந்தக் கல்லை அமிலத்தன்மை கொண்ட நம் மலை மண் மெல்ல மெல்லக் கரைத்துச் செடிக்கு ஊட்டுகிறது. 30 ஆண்டுகளில் 26 மில்லியன் தொன்னுக்கு மேல் அள்ளிச் செல்லும் உடன்படிக்கை ஒன்று வந்தபோது, அந்த ஊர் மக்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்தத் திட்டத்தைத் தடுத்து நிறுத்தியது. அவர்கள் தடுத்திராவிட்டால் 2021இல் நம்மிடம் அந்தக் கல்லும் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ! மலையகத்தில் உரம் போடுகிற ஒவ்வொருவரும் எப்பாவல மக்களுக்குக் கடமைப்பட்டவர்கள்.

இனி இரண்டாவது விடயம். பொலிஹெலைட்டில் பொட்டாசியத்தின் அளவு, உர மூட்டையில் குறிக்கும் கணக்குப்படி, 14 வீதம். நாம் இப்போது போடும் மியூரியேட் ஒஃப் பொட்டாஷ் என்ற பொட்டாசிய உரத்தில் 60 வீதம். அதாவது, 50 கிலோ சாக்கு ஒன்று தருகிற பொட்டாசியத்தைப் பெற இந்தக் கல்லில் நான்கு சாக்குக்கு மேல் வேண்டும். சமதரையில் உழவு இயந்திரத்தால் தூவுகிறவர்களுக்கு இது பெரிய காரியம் அல்ல. நம் தோட்டங்களில் லொறி வீதியோடு நின்றுவிடும். அங்கிருந்து உச்சி மலை வரை சாக்கு மனிதத் தோளில்தான் ஏறுகிறது, மழை ஈரத்தில் வழுக்கும் கல்படியில். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நான் பெயர் கூப்பிட்டு உரத்துக்கு அனுப்பியவர்களில் பலர் ஐம்பது வயதிலேயே முதுகு வளைந்து போனார்கள். அவர்கள் முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. மற்ற மூன்று சத்துகளும் சேர்ந்து வருவதால் மக்னீசியத்துக்காகப் போடும் டொலமைட்டும் கந்தக உரமும் ஓரளவு குறையலாம் என்பது உண்மைதான். அந்தக் குறைவையும் சேர்த்தே கணக்குப் பார்க்கட்டும். ஆனால் நிலைபேறு என்ற சொல்லுக்குள் கரியமில வாயுவுக்கு இடம் கொடுத்தவர்கள் அந்த முதுகுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

நம் மலையில் இந்தக் கனிமத்தைப் போட்டுப் பார்க்கும் நாள் வந்தால், தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் ஒரு வேண்டுகோள். கச்சான் காற்றில் காயும் ஊவாச் சரிவு ஒன்றில், கவ்வாத்து வெட்டிய மலையில் செய்து பாருங்கள். எத்தனை கிலோ கொழுந்து கூடியது என்று எழுதும் பக்கத்திலேயே, எத்தனை சாக்கு எத்தனை பேர் தோளில் ஏறியது, அதற்கு என்ன கூலி கொடுக்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். அந்தப் பதிவு வெளிவரும்போது தங்கள் இதழில் முழுமையாகப் பிரசுரிக்குமாறு ஆசிரியர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர்,
பண்டாரவளை.