பாளையங்கால்வாயில் தண்ணீர் வந்த நாட்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பிறக்கப் போகிறது. பாபநாசம் அணையில் 143 அடிக்கு இன்று எத்தனை அடி இருக்கிறது, மணிமுத்தாறில் 118 அடிக்கு எத்தனை அடி இருக்கிறது என்று தங்கள் நாளிதழில் ஒரு மூலையில் தினமும் போடுகிறீர்கள். காலையில் பேப்பர் வந்ததும் நான் முதலில் தேடுவது அந்த மூலையைத்தான். எனக்கு ஒரு சென்ட் வயல்கூடக் கிடையாது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆனாலும் ஜூனில் தொடங்கும் கார் பருவ நெல் சாகுபடிக்கு எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் 1957-ல் பாளையங்கோட்டையில் பிறந்தவள். எங்கள் தெரு முடிகிற இடத்தில் பாளையங்கால்வாய் ஓடியது. தாமிரபரணியில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் பழவூர் அணைக்கட்டில் பிரிந்து, முன்னீர்ப்பள்ளம், மேலப்பாளையம் என்று 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற கால்வாய் அது. வழியில் எத்தனையோ குளங்களை நிரப்பும். தெரு ஜனங்களுக்கு அது வெறும் வாய்க்கால். ஆற்றுக்குப் போக வேண்டுமென்றால் குறுக்குத்துறைக்கோ வண்ணார்பேட்டைக்கோ பஸ் ஏற வேண்டும். வாய்க்காலுக்குப் போகத் தோளில் ஒரு துண்டு போதும்.

பிசானப் பருவ நெல் அறுத்து முடிந்து கோடை தொடங்கியதும் தண்ணீரை அடைத்துவிடுவார்கள். அதன்பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்டிருக்கும். பையன்கள் மணலில் கிளித்தட்டு ஆடுவார்கள், நாங்கள் கரையில் பாண்டி கட்டம் போடுவோம். வழக்கமாக ஜூன் முதல் தேதி அணையைத் திறப்பார்கள். அணையில் தண்ணீர் இல்லாத வருஷம் தள்ளிப் போகும். அந்த வருஷங்களில் என் அப்பாவின் முகமே சரியிருக்காது. அப்பா பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் வாழைக்குப் பாயும், வாழை தார் போட்டால்தான் மண்டியில் வியாபாரம், வியாபாரம் நடந்தால்தான் தீபாவளிக்கு எங்களுக்குப் பாவாடை. இந்தச் சங்கிலியை அம்மா எங்களுக்கு விளக்கிச் சொன்னதே இல்லை. தானாகவே தெரிந்திருந்தது.

தண்ணீர் திறந்த செய்தியை எங்களுக்குக் கொண்டுவருபவர் ஒரு லஸ்கர். மதகு ஷட்டர்களை ஏற்றி இறக்குகிற பொதுப்பணித்துறை ஊழியர். காக்கி அரைக்கால் சட்டையோடு கரையிலேயே சைக்கிளில் வருவார். பின்னால் ஷட்டர் திருகுகிற கம்பியைக் கட்டியிருப்பார். அவர் தலை தெரிந்ததும் பெரியவர்கள் திண்ணையில் இருந்தபடியே கேட்பார்கள்.

"அண்ணாச்சி, தண்ணி எங்க வரைக்கும் வந்துட்டு?"

"முன்னீர்ப்பள்ளம் தாண்டிட்டு. இங்கன வர விடிஞ்சிரும்."

அன்றைக்கு ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வராது. வெள்ளன எழுந்து கரைக்கு ஓடுவோம். தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து வரும் என்று நினைக்கிறவர்கள் அதைப் பார்த்ததில்லை. அது மெல்ல வரும். முன்னால் சருகு, உமி, காய்ந்த சாணி, எங்கோ எவரோ விட்ட ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, பள்ளத்தைக் கண்டால் நின்று நிறைத்துவிட்டு, பிறகு மீண்டும் கிளம்பும். பையன்கள் அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து போவார்கள். காலைத் தொட்டால் அவுட். காய்ந்த மண் முதல் தண்ணீரைக் குடிக்கும்போது ஒரு சத்தம் வரும், ஒரு வாசம் வரும். அந்த வாசத்தை இந்த வயதிலும் நான் மழை நாளில் தேடுகிறேன். வேறு வாசம்தான் கிடைக்கிறது.

"முதத் தண்ணில எறங்காதீய பிள்ளைகளா, ஊரு அழுக்கெல்லாம் வருது, மூணு நாளு கழியட்டும்" என்பாள் ஆச்சி, என் பாட்டி. மூன்றாம் நாள் கலங்கல் தெளிந்து அடி மணல் தெரியும். அன்றிலிருந்து வீட்டில் குளியலுக்குக் கிணறு இறைப்பதே கிடையாது.

படித்துறை கருங்கல்லால் ஆனது. மேல்பக்கம் ஆண்களுக்கு, வளைவு தாண்டிக் கீழ்ப்பக்கம் பெண்களுக்கு. பெண்கள் பக்கத்தில் ஒரு கல் நடுவில் குழிந்து மஞ்சளேறிக் கிடந்தது. தலைமுறை தலைமுறையாக மஞ்சள் உரசிய கல். அதில் இன்னார்தான் உரச வேண்டும் என்று கிடையாது. பக்கத்துத் தெரு சர்ச்சுக்குப் போகிற அக்காமார் மஞ்சள் பூச மாட்டார்கள், ஆனால் துணி அலசும்போது அந்தக் கல்லை ஒட்டித்தான் உட்காருவார்கள், அங்கேதான் வேப்பமர நிழல் விழும். ஊசிக்கோபுரத்து மணி அடித்தால் அவர்கள் எழுந்துவிடுவார்கள். அந்தக் கோபுரம் 1826-ல் கட்டிய சர்ச்சுடையது என்பதைப் பெரியவளான பிறகுதான் படித்தேன். அந்த வயதில் எங்களுக்கு அது கடிகாரம். இன்னொரு கடிகாரம் கரைமேல் இருந்த டீக்கடை ரேடியோ. இலங்கை வானொலியில் 'பொங்கும் பூம்புனல்' தொடங்கிவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கரையேற வேண்டும். திருநெல்வேலி வானொலி 1963-ல் தொடங்கிய பிறகு மத்தியானம் வரைக்கும் டீக்கடைக்காரர் நிலையத்தை மாற்றி மாற்றி வைப்பார். துவைக்கிற பெண்கள் இங்கிருந்தே "அண்ணே, பழையத வையும்" என்று சத்தம் கொடுப்பார்கள்.

எனக்கு நீச்சல் சொல்லித்தந்தது ஆச்சிதான். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளை எதற்கும் விடமாட்டார்கள் என்று பொதுவாகப் பேசுகிறார்கள். சினிமாவுக்கு விட மாட்டார்கள், கடைக்கு விட மாட்டார்கள், உண்மைதான். நீச்சலுக்கு விட்டார்கள். ஒரு முழ நீளத்துக்கு வாழை மட்டையை வெட்டி இரண்டாகச் சேர்த்துக் கட்டி, என்னை அதன்மேல் குப்புறப் போட்டு, இடுப்பில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, காலை அடி. தண்ணி ஓடுற ஊர்ல பொறந்துட்டு நீச்சத் தெரியலன்னா நாளைக்கு மாமியா வீட்ல என்னயல்லா கேப்பா." எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும். என் பேத்திக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க மாதக் கட்டணம் கட்டிக் குளோரின் வாடையடிக்கும் குளத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அதையாவது செய்கிறார்களே என்று சந்தோஷம்தான்.

தசரா சமயத்தில் பாளையங்கோட்டையே வேறு ஊராக மாறிவிடும். ஆயிரத்தம்மனும் மற்ற அம்மன்களும் சப்பரத்தில் வீதி வலம் வந்து, எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்ஹாரம் முடிந்து வீடு திரும்ப விடியற்காலம் ஆகும். தூக்கக் கலக்கத்தோடு நேராக வாய்க்காலில் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவோம். அந்த ஐப்பசித் தண்ணீரின் குளிர்ச்சி எலும்புக்குள் போகும்.

ஊரில் வேறு எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1973-ல் திருநெல்வேலி ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலம் திறந்தபோது அப்பா எங்களை நடத்தியே கூட்டிப் போய் மேல் அடுக்கில் ஒருமுறை, கீழ் அடுக்கில் ஒருமுறை நடக்க வைத்தார். சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் 1843-ல் ஒரு தனி மனிதர் தன் சொந்தக் காசில் கட்டிக் கொடுத்த பாலம் என்று சொல்லாமல் விடமாட்டார். அல்வாவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் நான் எழுதவில்லை. அதற்கு ருசி கொடுப்பது தாமிரபரணித் தண்ணீர் என்று கடைக்காரர்களே சொல்வார்கள், அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆற்றில் வெள்ளம் வந்தால் அதைப் பார்க்கப் போவது எங்களுக்கு ஒரு திருவிழா. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும். வெள்ளம் எதிர்த்து வரும் பக்கத்தில் படகின் முனை மாதிரி கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போகும். வெள்ளம் ஏறுகிறது என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். வடிந்த பிறகு மண்ணை வாரிக் கழுவிவிட்டுப் பூஜை தொடங்கும். தண்ணீர் வரும் வழியில் கட்டினால் எப்படிக் கட்ட வேண்டும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கோயிலைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஜங்ஷன் பேருந்து நிலையம் தண்ணீருக்குள் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கோயில்தான் நினைவுக்கு வந்தது. குளங்களின் மேலும் ஓடைகளின் மேலும் ஊர் வளர்ந்திருக்கிறது. வேய்ந்தான்குளத்தில் 2003-ல் வந்த புதிய பேருந்து நிலையத்தில் பஸ் ஏறும்போது, அந்தப் பெயரின் கடைசியில் உள்ள குளம் எங்கே என்று இளம்பிள்ளைகள் கேட்பதே இல்லை.

வாய்க்காலுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், தங்கள் வாசகர்கள் தினமும் பார்ப்பதுதான். வீட்டுக்கு வீடு குழாய் வந்தது, நல்லதுதான், குடம் சுமந்த அம்மாக்களின் இடுப்பு பிழைத்தது. குழாய்த் தண்ணீர் வந்த வீடுகளிலிருந்து கழிவு நீர் வெளியேற வழி வேண்டுமே, அது வாய்க்காலுக்குத் திரும்பியது. பிறகு பிளாஸ்டிக் பை. பிறகு ஆகாயத்தாமரை. நான் திருமணமாகி வெளியூரில் இருந்துவிட்டு எண்பதுகளின் கடைசியில் பிள்ளைகளோடு திரும்பி வந்தபோது படித்துறையில் யாரும் குளிக்கவில்லை. மஞ்சள் கல்லின் மேல் கட்டட இடிபாடுகளைக் கொட்டியிருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து, "பிள்ளைகளைக் கூட்டிட்டு வாய்க்கா பக்கம் போயிராத, கொசு" என்றாள். நாற்பது வருஷம் அதில் குளித்தவள் சொன்னாள்.

இதை எழுதுவது அழுவதற்காக அல்ல. இந்தக் கால்வாய் செத்துப்போன கால்வாய் இல்லை. இன்றைக்கும் இதில் தண்ணீர் வருகிறது, ஊருக்குக் கீழே இதை நம்பி நாற்றுப் பாவுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுக் கழிவு அவர்கள் வயலுக்குத்தான் போகிறது. இது எனக்குத் தாங்க முடியாத விஷயமாக இருக்கிறது. தூர் வாரும் பணி அவ்வப்போது நடக்கிறது, படமும் வருகிறது. ஆனால் வாரிய மண்ணையும் குப்பையையும் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு அது உள்ளேதான் விழும். கழிவு நீர்க் குழாய்களைத் திருப்பாமல் தூர் மட்டும் வாருவதில் பயன் இல்லை. தண்ணீர் அடைத்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் வாய்க்காலுக்குள் ஒரு நடை நடந்தால் எந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் அப்போது உள்ளே ஓடுவது கழிவு மட்டும்தான். கணக்கெடுக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. அணை திறந்த செய்தியோடு நிறுத்திவிடாமல், தண்ணீர் பழவூர் அணைக்கட்டுக்கு எப்போது வந்தது, மேலப்பாளையத்துக்கு எப்போது, பாளையங்கோட்டைக்கு எப்போது என்று போடுங்கள். கோடகன் கால், நெல்லைக் கால், கன்னடியன் கால் என்ற மற்றக் கால்வாய்களின் கரைகளில் இருப்பவர்களுக்கும் அதேபோல. லஸ்கர் அண்ணாச்சி செய்த வேலையைத் தங்கள் நாளிதழ் செய்யட்டும். தண்ணீர் எப்போது வரும் என்று எதிர்பார்க்கிற தெருவில் வாய்க்காலில் குப்பை கொட்டக் கை கூசும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது, பாளையங்கோட்டைக்குள் ஒரே ஒரு படித்துறையையாவது மீட்டுத் தரும்படி அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுபோங்கள். புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. கற்கள் மண்ணுக்குள் அப்படியேதான் கிடக்கின்றன. எங்கள் தெருப் படித்துறை எந்த இடம் என்று என்னால் இப்போதும் கை காட்ட முடியும். அந்த வேப்பமரம் இல்லை, ஆனால் டீக்கடை இருந்த கட்டடத்தின் சுவர் நிற்கிறது, அதிலிருந்து கிழக்கே பத்தடி. அரசுத் துறையிலிருந்து யாராவது பார்க்க வந்தால் நான் கூடவே வருகிறேன். என் வயதுத் தோழிகள் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் திறப்பதற்கு முன்பே வந்தால் நல்லது. காலை ஏழு மணிக்கு என்றால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.