பால் கோசாஃபின் சோலோக்களும் பாடமாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராக் கிட்டார் பயில விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், எரிக் கிளாப்டன், ஜிம்மி பேஜ் ஆகியோரின் சோலோக்களை, அதாவது பாடலின் இடையே கிட்டார் தனித்து முன்னின்று ஒலிக்கும் பகுதிகளை, கேட்டுப் பழகச் சொன்னது சரியே. ஆனால் பால் கோசாஃபின் பெயர் அதில் இடம்பெறாதது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. 1968-இல் லண்டனில் உருவான ஃப்ரீ இசைக்குழுவின் கிட்டார் கலைஞரான அவர், 1976 மார்ச் மாதத்தில் தமது 25-ஆம் வயதிலேயே மறைந்துவிட்டார். அக்குழுவின் ‘ஆல் ரைட் நௌ’ பாடலைக் கேட்டிராத ராக் ரசிகர் அரிது. அதில் கிட்டார் வாசித்தவர் யார் என்று கேட்டால் பலருக்கும் தெரியாது.

1970-இல் வந்த ‘ஃபயர் அண்ட் வாட்டர்’ தொகுப்பில் உள்ள அப்பாடலின் முழு வடிவத்தையே மாணவர்கள் கேட்க வேண்டும். தனி இசைத்தட்டாக வெளியான வடிவத்தில் சோலோவின் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. அக்குழுவின் ஆண்டி ஃப்ரேசர் பேஸ் கிட்டாரில் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசிப்பதைப் பற்றிக்கொண்டு, ஒரு சிறு சொற்றொடரை வாசித்து, சற்றே நிறுத்தி, மீண்டும் அதையே சிறிது மாற்றி வாசித்து, படிப்படியாக மேல் சுரங்களுக்கு ஏறும் அந்த சோலோவில் வேகத்தைக் காட்டும் நோக்கமே இல்லை. அதன் சுரங்களை விரல்கள் எட்டிப் பிடிப்பது தொடக்கநிலை மாணவருக்கும் கடினமன்று. அவரைப்போல ஒலிக்கச் செய்வதுதான் கடினம்.

காரணம், அவருடைய வைப்ரேட்டோ, அதாவது தந்தியை அசைத்துச் சுரத்தை அதிரச் செய்யும் முறை. எந்தத் தந்தியில் எங்கே விரல் வைப்பது என்று காட்டும் டேப் குறியீட்டில் அது ஒரு நெளிகோடாக மட்டுமே இருக்கும். எவ்வளவு விரைவாக, எவ்வளவு அகலமாக அசைக்க வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். விரல் நுனியால் தந்தியை நடுக்காமல், ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியைக் கிட்டாரின் கழுத்தில் ஊன்றி, மணிக்கட்டைச் சுழற்றினால்தான் அசைவு சீராக வரும்; ஒவ்வொரு முறையும் தந்தி தொடங்கிய சுருதிக்கே திரும்ப வேண்டும். தந்தியை வளைத்து முழுச்சுரம் உயர்த்தும் இடங்களில், முதலில் இரண்டு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பி) மேலே தள்ளி அந்தச் சுரத்தை நேராக வாசித்துக் கேட்டுவிட்டு, பிறகு வளைத்து அதே சுருதியை எட்டிப் பழகலாம். இந்தப் பயிற்சி சலிப்பூட்டக்கூடியதுதான். ஆயினும் இதைத் தவிர்த்துவிட்டு வேகத்தை நாடும் மாணவர்களின் வாசிப்பில், சுருதி விலகிய சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதையே பெரும்பாலும் கேட்கிறேன்.

அதே தொகுப்பில் உள்ள ‘மிஸ்டர் பிக்’ பாடலின் சோலோவை அடுத்த பாடமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் இறுக்கம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போவதால், எங்கே அடக்கி வாசிக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

தங்கள் இணைப்பிதழில் இந்தத் தொடர் மேலும் வெளிவருமானால், கோசாஃபின் இவ்விரு சோலோக்களுக்கும் ஒரு பகுதியை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிட்டார் பயிற்றுநர் ஒருவர்