எங்கள் கராஜ் வாடிக்கையாளர்களுக்கு: அந்த நீல எஞ்சின் விஷயம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

இரண்டு கிழமையாக ஒயில் மாற்ற வருகிறவர்களும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "அந்த எஞ்சினை யாருக்கு அண்ணை வித்தீங்க?" சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். இருபத்தேழு வருடமாக இந்தச் சந்தியில் கராஜ் வைத்திருப்பவனுக்கு அந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியவில்லை. நான் திருத்திய பழைய மஸ்டாங் காரின் அசல் எஞ்சினை விற்றுவிட்டேன் என்று பரவிய கதைக்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

எந்தக் கார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று வருடம் பின் கொட்டிலில் படங்கு போர்த்திக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போனீர்கள். அமெரிக்க ஃபோர்ட் கொம்பனியின் 1966ஆம் ஆண்டு மஸ்டாங், இடப்பக்க ஸ்டியரிங், வி8 எஞ்சின். பெடியள் இதை மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் பூட்டிய வேகக் கார் என்பார்கள். கணக்காகப் பேசுகிறவர்கள், 1964இல் வந்த பொன்டியாக் ஜீடிஓதான் மசில் கார், மஸ்டாங் அதைவிடச் சின்ன, ஸ்போர்ட்ஸ் பாணியிலான வெறும் போனி கார் என்று சண்டைக்கு வருவார்கள். எனக்கு அந்தச் சண்டை வேண்டாம். பொனெட்டைத் திறந்தால் எட்டு சிலிண்டர் இருக்கிறது, போதும்.

நடந்தது இதுதான். வேலை முடிந்ததும் கார்க்கார ஐயா விற்கலாமா என்று யோசித்தார். கொழும்பிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். டோர்ச் அடித்து எஞ்சின் புளொக்கில், அதாவது எஞ்சினின் இரும்பு உடலில், நம்பர் தேடினார், கிடைக்கவில்லை. "நம்பர் இல்லை, எஞ்சின் மாத்தியிருக்கு" என்று சொல்லி, பேசிய விலையில் பாதிக்குக் கேட்டார். ஐயா கொடுக்கவில்லை. வந்தவர் தம்பலகாமம் தாண்டுவதற்கு முன்பே வாட்ஸப்பில் கதை வந்துவிட்டது: கராஜ்காரன் அசல் எஞ்சினை விற்றுவிட்டு, எங்கேயோ கிடந்த நீல எஞ்சினைப் பூட்டியிருக்கிறான். கூடவே ஒரு படம், என் வாசலில் லான்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) பெட்டியில் ஏறிப்போகும் எஞ்சின். அது கிண்ணியா காக்கா ஒருவருடைய ஹயஸ் வேனின் டீசல் எஞ்சின். நாலு சிலிண்டர், நேர் வரிசை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாலே போதும்.

சரி, நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் வாகனங்களில் பழகிய கண் புளொக்கில் எஞ்சின் நம்பரைத் தேடும். தேடுவது பிழையில்லை. ஆனால் ஃபோர்ட் கொம்பனி காரின் நம்பரை எஞ்சின் புளொக்கிலும் குத்தத் தொடங்கியது 1968 மொடல்களோடுதான். அதற்கு முந்திய மஸ்டாங்குகளில், கே கோட் என்று சொல்லப்படும் 271 குதிரைவலு எஞ்சினுக்கு மட்டும்தான் அப்படிக் குத்தினார்கள். இந்தக் கார் சி கோட். 289 கன அங்குலம், இரட்டைத் தொண்டை கார்பரேட்டர், 200 குதிரைவலு. நம்பர் இல்லாமல்தான் அந்த எஞ்சின் தொழிற்சாலையை விட்டு வந்தது. இல்லாத நம்பரை நான் எப்படி அழிப்பது?

அப்படியென்றால் அசல் என்பதற்கு என்ன சாட்சி? இரண்டு இருக்கிறது. டிரைவர் பக்க மட்கார்ட்டின் உள்தகட்டில் காரின் நம்பர் குத்தியிருக்கும். அதன் முதல் எழுத்து 6, அதாவது 1966. ஐந்தாவது எழுத்து சி, அது எஞ்சின் வகை. அடுத்தது புளொக்கின் வார்ப்பு எழுத்து. அது ஸ்டார்ட்டர் மோட்டருக்குப் பக்கத்தில், அறுபது வருட அழுக்குக்குள் ஒளிந்துகிடக்கும். காரைத் தூக்கி ஸ்டார்ட்டரைக் கழற்றினால்தான் ஒழுங்காகத் தெரியும். டோர்ச்சோடு மேலே நின்று பார்த்தவருக்கு அது எப்படித் தெரியும்? அங்கே "5எம்14" என்று இருக்கிறது. 5 என்றால் 1965. எம் என்றால் டிசம்பர்: ஜனவரிக்கு ஏ என்று தொடங்கி, ஐ எழுத்தை மட்டும் விட்டுவிட்டு எண்ணுவார்கள். ஆக, 1965 டிசம்பர் 14இல் வார்த்த புளொக். கதவில் அடித்திருக்கும் தகட்டில் கார் பூட்டிய தேதி "21ஏ", ஜனவரி 21. வார்த்து ஐந்து கிழமைக்குப் பிறகு காரில் ஏறியிருக்கிறது. எங்கேயோ கிடந்த எஞ்சினை எடுத்துப் பூட்டினால் இப்படித் தேதி பொருந்துமா?

நீல நிறம் இன்னொரு வேடிக்கை. கார் என்னிடம் வந்தபோது எஞ்சின் கறுப்பு. உண்மைதான், ஊரே பார்த்தது. அது முந்தி யாரோ பூசிய கறுப்பு. சுரண்டினால் அடியில் நீலம் இருந்தது. 1966 மொடலில் இருந்து ஃபோர்ட் தன் எஞ்சின்களுக்கெல்லாம் நீலம்தான் அடித்தது. கறுப்பாகவே விட்டிருந்தால் இந்த மடலே எழுதியிருக்கத் தேவையில்லை என்று என் மனைவி சொல்கிறா. ஒழுங்காகச் செய்ததுக்குக் கிடைத்த பேர் இது.

உள்ளே என்ன செய்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். விற்கிற எண்ணம் உள்ளவன் இவ்வளவு பாடுபட மாட்டான். சிலிண்டர் எட்டும் மேல் பக்கம் தேய்ந்து, விரல் நகம் தட்டுகிற அளவுக்கு விளிம்பு விழுந்திருந்தது. அசல் துவாரம் சரியாக நாலு அங்குலம். அதை ஆயிரத்தில் 30 பங்கு அங்குலம் பெருப்பித்தோம். இப்போது கணக்குப் பார்த்தால் 289 இல்லை, ஏறத்தாழ 293. கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஏறி இறங்காத கடை இல்லை. ஜப்பான் சாமான் என்றால் மலை மாதிரிக் குவிந்திருக்கும், இதற்குப் பிஸ்டன் இல்லை. அமெரிக்காவிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகுதான் சிலிண்டரைக் கடைய வேண்டும், அதுதான் முறை. 2022 மாசியில் காரை வேலைக்கு எடுத்தோம். அப்போது டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது. வைகாசியில் 360. மீதியை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நீங்களும் அதே வரிசையில்தானே நின்றீர்கள்.

சிலிண்டர் ஹெட் வேலை இன்னும் நுணுக்கம். இது ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்த ஹெட். வால்வு போய் அடிக்கும் இடத்தில் அந்த ஈயம் ஒரு மெத்தை மாதிரிப் படிந்து கிடக்கும். இப்போது நாம் அடிக்கும் 92, 95 ஒக்டேன் பெற்றோல் இரண்டிலும் ஈயம் இல்லை. அப்படியே ஓடவிட்டால் புகை போகும் பக்கத்து வால்வுகள் மெல்ல மெல்ல இரும்புக்குள் புதைந்துவிடும். அதனால் கடின உலோக வளையங்கள் வெட்டிப் பதித்தோம்.

முதல் ஸ்டார்ட் அன்று சத்தம் கேட்டு மூன்று தெரு எழும்பி வந்தது ஞாபகம் இருக்கும். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் புதுசு. பழைய பாணி டப்பெட் உள்ள எஞ்சினுக்குப் புதுக் கேம் போட்டால் முதல் இருபது நிமிடம் ஐடிலில் விடவே கூடாது, 2000 சுற்றுக்கு மேல் பிடித்திருக்க வேண்டும். விட்டால் கேம் அன்றைக்கே தேய்ந்து பாழ். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் இப்போதாவது மன்னிப்புக் கேட்கிறேன்.

பொடி வேலை பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தக் காருக்கு முன் கண்ணாடிக்குக் கீழே காற்றுப்பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் துரு பிடித்தால் மழைத் தண்ணி நேராகக் கால்மாட்டில் இறங்கும். எங்கள் கடல்காற்றில் அது என்ன நிலையில் இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். மாரி மழை காலத்தில் பெயின்ட் அடிக்க முடியாது, கச்சான் காற்று அடித்தால் தூசி. நடுவில் கிடைக்கிற சில கிழமைகளில்தான் அந்த வேலை நகர்ந்தது.

கார்பரேட்டர் மட்டும் காரோடு வந்தது இல்லை. கழுவும்போது எங்கள் கையில் வெடிப்பு விழுந்துவிட்டது, அதே மாதிரி இன்னொன்று எடுத்துப் போட்டோம், ஐயாவுக்குத் தெரியும்.

அடுத்தது தாமதம். என் எஞ்சின் பாஸ் (எஞ்சின் வேலை செய்யும் மெக்கானிக்) பதினொரு வருடம் என்னோடு நின்றவர். போன வருடம் கட்டாருக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற தம்பி கொரியாவுக்குப் பாஷை படித்து, அவனும் போய்விட்டான். போனவர்களில் எனக்குக் கோபம் இல்லை. நான் கொடுக்கக்கூடிய சம்பளத்தில் ஒரு வீடு கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கை குறைந்தால் வேலை குறையும். இப்போது நானும் இரண்டு பெடியளும்தான். "பழைய காரைத் தடவிக்கொண்டு எங்கட வேனை வெயிலில போட்டுட்டார்" என்று சிலர் சொல்வதும் காதில் விழுந்தது. பகலில் உங்கள் வாகனங்கள், இரவு ஏழு மணிக்குப் பிறகு மஸ்டாங் என்றுதான் வைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

நன்றி சொல்லாமல் விட முடியாத ஆட்கள் இருக்கிறார்கள். பெற்றோல் இல்லாத 2022இல், ஓடாத லொறிக்கு முன்கூட்டியே சர்வீஸ் காசு தந்து என் பெடியளின் சம்பளத்தைக் காப்பாற்றிய மூதூர் மீன் லொறிக்கார நானா. நிலாவெளி ஹோட்டல் வேன்களை வேறு எங்கும் விடாமல் எனக்காகக் காத்திருந்த தம்பிமார். தன்னுடைய மொறிஸ் மைனரை மாதம் ஒருமுறை கொண்டுவந்து, ஒரு பிழையும் இல்லாமலே "ஒருக்கா கேட்டுப் பாருங்கோ" என்று நிற்கும் உவர்மலை ரீச்சர். இந்தக் கதை பரவிய அன்று முதலாவதாகத் தொலைபேசி எடுத்து, "நான் நம்பேல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தவரும் ரீச்சர்தான். அந்த இரண்டு சொல்லுக்கு நான் பட்ட கடன் பெரிது.

ஐயா இப்போது காரை விற்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். வருகிற ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மணிவரை கார் கராஜில், தூக்கியில் நிற்கும். ஸ்டார்ட்டரையும் கழற்றி வைத்திருப்பேன். சந்தேகம் உள்ளவர்கள் வந்து எழுத்தை வாசித்துப் பாருங்கள், டோர்ச் நான் தருகிறேன். கொழும்பிலிருந்து வந்தவருக்கும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கராஜ்காரன்

பி.கு.: சித்திரைப் புதுவருடத்துக்குப் பிறகு வேலைக்கூலியில் சின்ன மாற்றம் இருக்கும், விவரம் உள்சுவரில் ஒட்டியிருக்கிறது. ஹயஸ் எஞ்சின் திரும்பி வந்துவிட்டது, கிண்ணியா காக்கா தயவுசெய்து வந்து வேனை எடுக்கவும்.