பழைய கண்ணாடியை அறுப்பதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள்

பெறுநர்: கார் நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையங்களின் மேலாளர்கள், பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் மோட்டார் கிளெய்ம் பிரிவு அதிகாரிகள்.

ஐயா, அம்மையீர்,

வணக்கம். என் காரின் முன்பக்கக் கண்ணாடி தொடர்பாக உங்களில் ஒரு சர்வீஸ் மையத்துக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் நான் எழுதிய கடிதங்கள் உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. பெயர்களை இங்கே எழுதவில்லை. என் தெருவிலும் அலுவலகத்திலும் கண்ணாடி மாற்றியவர்களிடம் விசாரித்தால், ஏறக்குறைய என் கதையையே அவரவர் கார் பெயரைப் போட்டுச் சொல்கிறார்கள். ஆகவே இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மதுராந்தகம் தாண்டி ஜல்லி ஏற்றிப்போன டிப்பர் லாரியிலிருந்து தெறித்த கல் பட்டுக் குழி விழுந்தது, பிறகு அது விரிசலாக ஓடியது, காப்பீட்டில் புதுக் கண்ணாடி போட்டீர்கள், அன்று மாலையே காரைக் கொடுத்து அனுப்பினீர்கள். அதற்குப் பிறகு நடந்ததில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பதில் கடிதத்தில் அது 'சிறு நீர்க்கசிவு' என்பதோடு முடிந்துவிட்டது.

மழை தொடங்கியதும் முன் இருக்கையில் இடது பக்கம் உட்காரும் என் அம்மா, கால் நனைகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். ஏசி தண்ணீராக இருக்கும் என்றார் உங்கள் சர்வீஸ் அட்வைசர். பிறகு வெளிப்பக்கமாக சிலிக்கான் பூசிக் கொடுத்தார்கள். தரைவிரிப்பு காயவே இல்லை. கதவைத் திறந்தால் ஊறிய பஞ்சின் வாடை. கடைசியில் கண்ணாடி வேலை மட்டுமே செய்யும் வேறொருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ரப்பர் பீடிங்கை உருவிவிட்டு, உறிஞ்சு பிடிகளைக் கண்ணாடியில் பதித்து, கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும் சீலன்ட்டைக் கம்பி விட்டு அறுக்கத் தொடங்கினார். ஓட்டுநர் பக்கம் அறுக்கச் சிரமப்பட்டார். இடது கீழ் மூலைக்கு வந்தபோது கம்பிக்கு வேலையே இருக்கவில்லை. கறுப்பு சீலன்ட், நனைந்த சுவரொட்டி போல, சட்டத்தை விட்டு முழு நீளத்துக்குத் தானாகப் பிரிந்து வந்தது. அதன் அடியில், முதல் முறை கண்ணாடியை எடுத்தபோது கத்தி இழுத்த கீறல். பெயின்ட் போய்த் தகரம் தெரிந்த அந்த இடம் முழுக்கத் துரு. அவர் நகத்தால் சுரண்டிக் காட்டினார், செதில் செதிலாக உதிர்ந்தது. "இங்கே துருவைத் தடுத்து சீலன்ட்டைப் பிடிக்கவைக்கும் அடிப்பூச்சான பிரைமர் தொட்ட அடையாளமே இல்லை. இந்தப் பக்கம் கண்ணாடி ஒட்டவில்லை, உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்றார்.

அந்த மூலைக்கு நேர் பின்னால்தான் பயணியின் ஏர்பேக் இருக்கிறது. பல கார்களில் அது டேஷ்போர்டின் மேற்பகுதியிலிருந்து மேல்நோக்கி வெடித்து விரிந்து, முன்பக்கக் கண்ணாடியில் மோதி, அதைத் தாங்கலாகக் கொண்டுதான் பயணியை நோக்கித் திரும்புகிறது. கண்ணாடி அந்த அடியைத் தாங்காமல் பெயர்ந்தால் ஏர்பேக் இருந்தும் பயனில்லை. கார் உருண்டால் கூரை நசுங்காமல் பிடித்து நிறுத்துவதிலும் ஒட்டிய கண்ணாடிக்குப் பங்கு உண்டு. எனக்குத் தெரிவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்த விஷயங்கள் இவை. மழைக்காலம் முழுவதும் என் அம்மா அந்த இருக்கையில்தான் விழுப்புரத்துக்கும் சென்னைக்கும் மருத்துவமனைக்காக வந்துபோனார். 'சிறு நீர்க்கசிவு' என்று எழுதிய கை எவருடையதோ அவருக்கு இது தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பழைய கண்ணாடியை அறுப்பதற்கு முன், என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி, உங்கள் கையெழுத்தோடு உரிமையாளரிடம் கொடுங்கள். இப்போது எங்களிடம் நீட்டப்படுவது எஸ்டிமேட்டும் கிளெய்ம் படிவமும்தான். அவற்றில் நாங்கள் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் பெருக்கல் குறியிட்டுக் காட்டப்படுகிறது.

அந்தத் தாளில் முதலில் இருக்க வேண்டியது, மாற்றுவது அவசியமா என்ற பதில். கல் பட்ட அன்று என் கண்ணாடியில் இருந்தது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய குழி. ஓட்டுநரின் நேர்ப் பார்வையிலும் ஓரத்திலும் இல்லாத இத்தகைய குழியைப் பிசின் செலுத்தி அடைத்துவிடலாம். செலவு மாற்றுவதில் ஒரு சிறு பகுதிதான். அது நீண்ட விரிசலாக மாறுவதற்கு முன் செய்ய வேண்டும். வெயிலில் கொதித்து நிற்கும் கண்ணாடியின் மேல் ஏசி காற்றைத் திருப்பிவிட்டாலே விரிசல் ஓடக்கூடும். மறுநாளே உங்களிடம் தொலைபேசியில் கேட்டேன். "மாற்றித்தான் ஆக வேண்டும், இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்பதுதான் கிடைத்த பதில்.

அந்த 'இன்சூரன்ஸ் இருக்கிறதே' பற்றிக் காப்பீட்டு அதிகாரிகளிடம் கொஞ்சம் பேச வேண்டும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது என்பது உண்மை. ஆனால் ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பீர்கள். சீலன்ட், பிரைமர் போன்ற நுகர்பொருட்களுக்குத் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் ஒழியப் பெரும்பாலும் பணம் தர மாட்டீர்கள். 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் கட்டாயப் பிடித்தம். இவையெல்லாம் பில்லிலாவது தெரியும். நோ கிளெய்ம் போனஸ் போவது பில்லில் தெரியாது. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறிய தள்ளுபடி, போனஸ் பாதுகாப்புக்குத் தனி பிரீமியம் கட்டாதவருக்கு ஒரு கண்ணாடி கிளெய்மில் பூஜ்யமாகிறது. மறுபடி 50-ஐ எட்ட ஐந்து ஆண்டுகள் கிளெய்ம் இல்லாமல் ஓட்ட வேண்டும். 50 சதவீதத் தள்ளுபடியில் இருந்த ஒருவருக்கு, சொந்தச் சேதப் பிரிவின் (நம் காருக்கே வரும் சேதத்துக்கான) பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய், அது மாறாது என்று வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். அடுத்தடுத்த புதுப்பித்தல்களில் இழப்பது 4,000, 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 10,000 ரூபாய். பல சிறிய கார்களின் முன்பக்கக் கண்ணாடியே அந்த விலைக்குள் முடிந்துவிடும். அப்படிப்பட்டவர் கிளெய்மே போடாமல் கையிலிருந்து கொடுத்திருந்தால் லாபம். கண்ணாடியின் விலை 40,000 ரூபாய் என்றால் கணக்கு வேறு. எது லாபம் என்று அவரவர் முடிவு செய்துகொள்வார்கள். அதற்கு வேண்டிய எண்கள் உங்கள் கணினியில் இருக்கின்றன, எங்களிடம் இல்லை. கையெழுத்து வாங்கும் முன் அந்த எண்களைச் சொல்லாமல், புதுப்பிக்கும் நாளில் கூடிய பிரீமியத்தை மட்டும் குறுஞ்செய்தியில் அனுப்புவது நியாயமில்லை.

சர்வீஸ் மையங்கள் எழுதித் தர வேண்டியது இன்னும் முக்கியம். எந்தக் கண்ணாடி? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100-ஆம் விதி, முன்பக்கக் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியாக இருக்க வேண்டும், குறைந்தது 70 சதவீதம் ஒளியைக் கடத்த வேண்டும் என்கிறது. தயாரிப்பாளரின் பெயரும் ஐஎஸ்ஐ முத்திரையும் கண்ணாடியின் ஓரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த முத்திரையை, ஒட்டும் முன் உரிமையாளரிடம் காட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். கார் நிறுவனத்தின் பெயர் போட்ட கண்ணாடியா, அதே தயாரிப்பாளரின் வேறு முத்திரையா, முற்றிலும் வேறு தயாரிப்பா என்பதைப் பொறுத்து விலை மாறும். எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு உரிமை உண்டு.

எந்த சீலன்ட்? பாலியூரித்தேன் சீலன்ட் வரும் குழாயில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கிறது. காற்றின் ஈரத்தை வாங்கித்தான் அது இறுகும்; ஆகவே வெப்பமும் ஈரப்பதமும் சீலன்ட்டின் வகையும் சேர்ந்துதான் வண்டியை எப்போது ஓட்டலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒரு மணி நேரத்தில் ஓட்டத் தகுந்தவையும் உண்டு, பல மணி நேரம் காக்க வேண்டியவையும் உண்டு. தயாரிப்பாளர் அந்த நேரத்தை எழுதியே கொடுக்கிறார். எனக்குக் காரைத் தந்தபோது, "இரண்டு நாள் வாட்டர் வாஷ் செய்யாதீர்கள்" என்றார்கள். எப்போதிலிருந்து நெடுஞ்சாலையில் ஓட்டலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லா ஜன்னல்களையும் ஏற்றிவிட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று, இறுகாத ஒட்டைத் தள்ளிவிடும், ஒரு ஜன்னலையாவது சற்று இறக்கி வையுங்கள் என்று சொன்னவரும் இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக்தான். சட்டத்தில் கீறல் விழுந்தால் பிரைமர் பூசி உலரவிட்ட பிறகே ஒட்ட வேண்டும் என்பது உங்கள் பயிற்சியிலேயே இருக்கும். பூசினீர்களா என்று எழுதச் சொல்கிறேன். எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றால் பூசாமல் விட மனம் வராது.

கேமரா வைத்த கார்கள் தனி. தானாகப் பிரேக் போடுவதும் சாலையின் தடக் கோட்டை விட்டு விலகினால் எச்சரிப்பதும், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், முன்பக்கக் கண்ணாடியின் உட்புறம் இருக்கும் கேமராவை நம்பி நடக்கின்றன. கேமராவின் கோணம் ஒரு டிகிரி பிசகினால், 100 மீட்டர் தூரத்தில் அது பார்க்கும் இடம் ஒன்றே முக்கால் மீட்டர் நகர்ந்துவிடும். அது பக்கத்துத் தடத்தில் வரும் வண்டியாக இருக்கலாம். கண்ணாடி மாற்றியதும் கேமராவை மறுசீரமைத்தாக வேண்டும். அதற்கான கருவி உங்கள் மையத்தில் இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள், செலவைக் காப்பீடு ஏற்குமா என்பதையும் கண்ணாடியை அறுப்பதற்கு முன் சொல்லுங்கள். ஃபாஸ்டேக்கும் பழைய கண்ணாடியோடு போய்விடும், உரித்து ஒட்ட முடியாதது அது. வங்கியில் மாற்று டேக் கேட்டு வாங்குங்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நான் ரொக்கமாக இரட்டைக் கட்டணம் கட்டியிருக்க மாட்டேன்.

கல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை என்பதும் மனதில் உறுத்துகிறது. இந்த நெடுஞ்சாலையில் எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்கள் தார்ப்பாய் போடாமல், விளிம்புக்கு மேல் குவித்துக்கொண்டு, இரவும் பகலும் ஓடுகின்றன. சுங்கச்சாவடியில் அவை நம் கண்ணெதிரே நின்று பணம் கட்டிப் போகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய் என்று இருக்கிறது. இருந்தும் பைக்கில் போகிறவர் முகத்தில் மண்ணும் கார் கண்ணாடியில் கல்லும் அடிக்கின்றன. ஹெல்மெட் இல்லாதவரை நிறுத்துகிற அதிகாரி தார்ப்பாய் இல்லாத லாரியை ஏன் நிறுத்துவதில்லை? ஒவ்வொரு கண்ணாடிக்கும் பணம் கொடுக்கிறவர்கள் காப்பீட்டு நிறுவனங்களே. எந்தச் சாலையில், எந்த ஊர் அருகில் கல் படுகிறது என்ற விவரம் கிளெய்ம் படிவங்களில் குவிந்துகிடக்கிறது. அதைத் தொகுத்துப் போக்குவரத்துத் துறையிடம் கொடுத்தால் எங்கள் ஆயிரம் மனுக்களைவிட அதற்கு மதிப்பு இருக்கும்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். லாரி விவகாரத்தை நீங்கள் நினைத்தவுடன் தீர்த்துவிட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தாளை அச்சடிப்பது இன்றே முடியும். அதற்குப் புதுச் சட்டமோ புதுக் கருவியோ வேண்டியதில்லை.

உங்கள் பட்டறைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே நாளில் இத்தனை வண்டி வெளியே போக வேண்டும் என்று அவர்களை விரட்டுகிறவர்கள் பிரைமர் உலரும் நேரத்தையும் அந்த நாளில் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஆகவே தயவுசெய்து, பழைய கண்ணாடியை அறுப்பதற்கு முன், அடைத்தால் போதுமா என்பதையும், கிளெய்ம் போட்டால் இழக்கும் போனஸையும், கண்ணாடியின் முத்திரையையும், சீலன்ட்டின் பெயரையும் காலாவதித் தேதியையும், வண்டியை ஓட்டலாம் என்ற நேரத்தையும், கேமரா சீரமைப்பையும் எழுதி உரிமையாளர் கையில் கொடுங்கள். வேலை முடிந்ததும் பிரைமர் பூசியதற்கான குறிப்போடு அதே தாளில் ஒட்டியவரும் கையெழுத்திடட்டும். கூடவே, கடந்த மழைக்காலத்துக்கு முன் நீங்கள் கண்ணாடி மாற்றிக் கொடுத்த கார்களை இலவசமாக அழைத்து ஒருமுறை தண்ணீர் அடித்துச் சோதியுங்கள். என் அம்மாவைப் போல் கால் நனைந்துகொண்டு போகிறவர்கள் அவற்றில் இருக்கலாம்.

இரண்டு தரப்பிடமிருந்தும் எழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால், என் கிளெய்ம் தொடர்பான ஆவணங்களோடு சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடமும், பழுதான வேலைக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமும் செல்வேன். பிரித்தெடுத்த சீலன்ட் துண்டையும் துருப்பிடித்த சட்டத்தின் படங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் பொறியாளர் எப்போது வந்து கேட்டாலும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு கார் உரிமையாளர்,
விழுப்புரம்.