முகாம் நடத்தப் போகும் மகனுக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

ஜூலையிலிருந்து அரிமா சங்கத்துக்கு (லயன்ஸ் கிளப்) நீ செயலாளர், முதல் வேலையே இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று கேட்டதில் சந்தோஷம். 1925-இல் அமெரிக்காவின் சீடார் பாயிண்ட் மாநாட்டில், பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் நேரில் வந்து கேட்டுக்கொண்டதிலிருந்து கண் பணி அரிமாக்களுக்குக் குலத்தொழில் மாதிரி ஆகிவிட்டது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் சமூகக் கண் மருத்துவப் பயிற்சி நிலையம்கூட லயன்ஸ் பெயரைச் சேர்த்துத்தான் 1992-இல் தொடங்கியது. அதனால் உங்கள் மூத்த அரிமாக்கள் யாரிடமாவது பழைய முகாம் பதிவேடு இருக்கும். வாங்கிப் பார். வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை விடு. ஆபரேஷன் தேவை என்று டாக்டர் சொன்னவர்களில் எத்தனை பேர் அன்றைக்கே மருத்துவமனைக்குப் பஸ் ஏறினார்கள்? முகாம் உருப்பட்டதா என்று அந்தக் கணக்குதான் சொல்லும்.

பஸ் ஏறாமல் திரும்புகிறவர்கள் சொல்லும் காரணம் ஊருக்கு ஊர் ஒன்றுதான்: மகனைக் கேட்கணும், ஆட்டை யார் பார்ப்பா, மாத்துச் சேலை எடுத்து வரலை. மூன்றுக்கும் மருந்து விளம்பரத்திலேயே இருக்கிறது. "கண்புரை இருந்தால் அன்றே கூட்டிப்போவோம், வீட்டில் சொல்லிவிட்டு, மாற்றுத் துணி, சாப்பிடும் மாத்திரைகள், ஆதார் நகல், செல்போன் நம்பரோடு வாருங்கள்" என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைப்பார்கள். கண் தெரியாதவருக்கு ஃபிளெக்ஸ் எதற்கு? முகாமுக்கு முந்தின இரண்டு நாள் ஆட்டோவில் மைக், காலையில் பால் சொசைட்டி, ரேஷன் கடை, நூறு நாள் வேலை நடக்கும் இடம், இவ்வளவு போதும். தேதி வைக்கும்போது முகூர்த்த நாள், சந்தை நாள், அறுவடை மூன்றையும் தவிர்.

இடத்துக்குப் பள்ளிக்கூடம்தான் சரி. பார்வை அட்டைக்கும் ஆளுக்கும் நடுவே 6 மீட்டர், அதாவது 20 அடி, தடையில்லாமல் வேண்டும். வராண்டா என்றால் அட்டையில் நேர் வெயில் படக் கூடாது. ஜன்னலை மூடி இருட்டாக்கக்கூடிய அறை ஒன்று, பிளக் பாயிண்ட் வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பார்த்து வை. நடக்க முடியாதவர்கள் வருவார்கள், மாடி வேண்டாம். எட்டு மணிக்கு முகாம் என்றால் ஆறு மணிக்கே கிழவிகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரைக்காரர்கள் பசியோடு மயங்கி விழாமல் இருக்க டீயும் இட்லியும் முதலில் தயாராக வேண்டும்.

தொடக்க விழாவைப் பத்து நிமிடத்துக்கு மேல் விடாதே. சிறப்பு விருந்தினர் தாமதமானால் டாக்டர்கள் அவர்கள்பாட்டுக்கு ஆரம்பிக்கட்டும், பொன்னாடை நடுவில் வரட்டும். தலைவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

மருத்துவமனையோடு பேசும்போது பஸ் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொள். சண்டை வருவது அதில்தான். மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்க அனுமதி வந்துவிட்டதா என்றும் கேள். ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ கட்டுப்பாட்டில் இல்லாதவர்களை அன்று அனுப்ப மாட்டார்கள். அவர்கள் பெயரைத் தனியாக எழுதி அடுத்த முகாமுக்குக் கூப்பிடு. பயப்படுகிறவர்களிடம் நீங்கள் பேசி ஆகாது. போன முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட அதே ஊர்க்காரர் ஒருவரை அவர்களோடு பேச ஒரு மேஜையில் உட்கார வை.

பணம்: நிர்வாகக் கணக்கு வேறு, சேவைக் கணக்கு வேறு. கடைக்காரர்களிடம் முகாமுக்கென்று வாங்கியதில் ஒரு ரூபாய்கூடப் பதவியேற்பு விருந்துக்குப் போகக் கூடாது. அது உறுப்பினர் சந்தாவிலிருந்து வர வேண்டும். இது அரிமா சங்கத்தின் விதியே. 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று பொருளாளர் சொன்னால் கையெழுத்துப் போடாதே.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களுக்குச் சொட்டு மருந்து சில வாரம் ஓடும். பாட்டில் முனை கண்ணில் படாமல் விட வீட்டு ஆள் ஒருவருக்குக் காட்டிக்கொடுங்கள். மறுபரிசோதனைக்குப் பாதிப் பேர் வராமல் போவது, பதிவில் 'முத்தம்மா, கிழக்குத் தெரு' என்று மட்டும் எழுதுவதால். தெருவுக்கு நாலு முத்தம்மா இருப்பாள். கணவர் அல்லது மகன் பெயரும், பக்கத்து வீட்டு நம்பரும் சேர்த்து வாங்க, கையெழுத்து நன்றாக இருக்கும் இரண்டு பேரைப் பதிவு மேஜையில் போடு.

தேதி முடிவானதும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா