அப்பாவுக்கு, ஃபீனிக்ஸ் வெயிலிலிருந்து

ஃபீனிக்ஸ்
அரிசோனா, அமெரிக்கா
2024 ஆகஸ்ட் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போன வாரம் போனில், "வேலூர் வெயிலையே பார்த்தவள், அந்த ஊர் வெயில் உன்னை என்ன செய்துவிடும்?" என்று கேட்டீர்கள். டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் பதில் சொல்லவில்லை. இன்று லீவு.

நமக்கு அக்னி நட்சத்திரம் இருபத்தைந்து நாள். இங்கே போன வருஷம் ஜூன் கடைசியில் ஆரம்பித்து 31 நாள், ஒரு நாள்கூட விடாமல், 43 டிகிரியைத் தாண்டியது. அதில் தொடர்ந்து 16 நாள் ராத்திரியில்கூட 32க்குக் கீழே இறங்கவில்லை. பகலில் குடித்த சூட்டைத் தார் ரோடும் சிமெண்டும் விடிய விடியக் கக்குகின்றன. பூமி சூடாகிறது, ஊரும் பெருத்துக்கொண்டே போகிறது. மொட்டை மாடியில் பாயைப் போட்டால் விடிகாலையில் குளிரும் என்பதெல்லாம் இங்கே கிடையாது.

எனக்கு ஒன்றும் ஆகாது அப்பா. வீட்டில் ஏசி, காரில் ஏசி, வார்டில் ஏசி. கதவு இல்லாதவர்களைத்தான் இந்த வெயில் கொல்கிறது. ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 2023இல் மட்டும் வெயிலால் இறந்தவர்கள் 645 பேர். அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வீடில்லாதவர்கள். வீட்டுக்குள்ளேயே இறந்தவர்களும் உண்டு. அவை பெரும்பாலும் ஏசி இருந்தும் ஓடாத வீடுகள். 2018இல் பக்கத்து ஊரில் ஒரு பாட்டி, வயது 72. கரண்ட் பில்லில் 51 டாலர் பாக்கி என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். சூட்டிலேயே இறந்துபோனார். கோடையில் கரண்டைத் துண்டிக்கக் கூடாது என்ற தடை அதற்கு அடுத்த வருஷம்தான் வந்தது.

போன மாதம் எங்கள் தீக்காய வார்டுக்கு ஒரு பெரியவர் வந்தார், உங்கள் வயதுதான் இருக்கும். தீயில் வெந்தவர் இல்லை. பஸ் ஸ்டாப்பில் மயங்கி ரோட்டில் விழுந்திருக்கிறார், யாரும் உடனே பார்க்கவில்லை. மத்தியானத் தார் ரோடு 70 டிகிரியைத் தாண்டும். அம்மாவின் தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வலது தோளிலிருந்து முழங்கை வரை தோல் சட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து ஊறவைத்துத் துணியைப் பிரித்தேன். அவர் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. "என் பை எங்கே, அதில் இன்சுலின் இருக்கிறது" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வெயிலில் பைக்குள் கிடந்த இன்சுலின் எதற்கு ஆகும்? அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒரு வருஷத்துக்கு முன்புவரை அவருக்கும் வீடு இருந்தது, வாடகை வீடு. வாடகை ஏறிக்கொண்டே போக, மூன்று மாதம் பாக்கி விழுந்து, கோர்ட் நோட்டீஸ் வந்து வெளியே வந்தவர். டவுனில் ஆயிரம் பேர்வரை கூடாரம் போட்டிருந்த இடத்தில் கொஞ்ச நாள் இருந்தாராம். அதையும் கோர்ட் உத்தரவின்பேரில் போன நவம்பருக்குள் காலி செய்துவிட்டார்கள். நிறையப் பேருக்கு விடுதியில் இடம் கொடுத்தார்கள், இவருக்குக் கிடைக்கவில்லை. இந்த ஜூனில் இந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டும், போக்கிடம் இல்லாதவர் பொது இடத்தில் படுத்தாலும் அபராதம் போடலாம் என்று சொல்லிவிட்டது. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவே இல்லை அப்பா.

நல்லதும் நடக்கிறது. இந்தக் கோடையில் ராத்திரியிலும் திறந்திருக்கிற குளிர்ந்த கூடங்களை நகராட்சி நடத்துகிறது. அங்கங்கே நம் ஊர் தண்ணீர்ப் பந்தல் மாதிரி பாட்டில் கொடுக்கிறார்கள். லீவு நாளில் நானும் போய் நிற்கிறேன்.

டிஸ்சார்ஜ் தாளில் முகவரி என்று ஒரு கட்டம் உண்டு. அந்தப் பெரியவரிடம் கேட்டேன். இரண்டு தெருப் பெயரைச் சொல்லி, "அந்த முனை" என்றார். புதுத் தோல் ஒட்டியிருக்கிற கை, வெயில் படவே கூடாது. எங்கள் சோஷியல் ஒர்க்கர் மத்தியானம் முழுக்கப் போன் போட்டு ஒரு இடத்தில் படுக்கை பிடித்தார், இரண்டு வாரத்துக்கு. இங்கே வெயில் அக்டோபர்வரை இருக்கும்.

நம் வீட்டுக் காம்பவுண்டை முன்னால் இழுத்துக் கட்டப்போவதாகச் சொன்னீர்களே, வேப்பமரம் உள்ளே வந்துவிடுமா? இஸ்திரி வண்டிக்காரர் மத்தியானம் அதன் அடியில்தான் படுப்பார். சுவரை மரத்துக்கு வீட்டுப் பக்கமாகவே கட்டச் சொல்லுங்கள் அப்பா. கொத்தனாரிடம் பேசிவிட்டுப் போன் போடுங்கள்.

அன்பு மகள்