திட்ட அறிக்கையில் குழந்தைக்கும் ஓர் இடம் வேண்டும்

தொழில் தொடங்கும் பெண்களுக்குப் பயிற்சியும் கடனும் தரும் அமைப்புகளை நடத்துவோருக்கு,

வணக்கம்.

குழந்தைகளுக்கான துணிகளைத் தைத்து விற்கும் சிறு தொழிலைத் தொடங்கி நடத்தி வருகிறேன். மூத்தவள் பள்ளிக்குப் போகிறாள், இளையவன் இன்னும் தவழ்கிறான். என்னோடு தைக்க வருபவர்களும் கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள்தான். ஒரு துணிக்கு எப்படி விலை வைப்பது, கணக்கை எப்படி எழுதுவது என்பதையெல்லாம் உங்களைப் போன்ற ஓர் அமைப்பு நடத்திய பயிற்சியில்தான் கற்றுக்கொண்டேன். அந்த நன்றி மாறாது. அதோடுதான் இதைக் கேட்கிறேன்.

கடனுக்காக நாங்கள் எழுதித் தரும் திட்ட அறிக்கையில் வாடகைச் செலவை எழுத இடம் இருக்கிறது. இயந்திரம், மின்சாரம், போக்குவரத்து, விளம்பரம் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவுக்கு மட்டும் இல்லை. இதர செலவுகளில் எழுதிப் பார்த்தேன். அது உங்கள் சொந்தச் செலவு என்று அதிகாரி ஒருவர் அடித்துவிட்டார். தையல் இயந்திரம் ஓட வேண்டுமானால் என் இரண்டு கையும் துணிமேல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தையை வேறொருவர் தூக்கி வைத்திருக்க வேண்டும். மின்சாரம் தொழில் செலவு என்றால் இதுவும் தொழில் செலவுதான்.

அந்தக் கடனுக்கான நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “குழந்தையை யார் பாத்துப்பாங்க?” என்பது. கேள்வியில் தப்பில்லை, தேவையான கேள்விதான். ஆனால் என் பதில் அந்த அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்தப் பதிலைப் படிவத்தில் எழுதவும், அதற்குக் கடனிலிருந்து பணம் ஒதுக்கவும் வழி வேண்டும். விண்ணப்பிக்கும் அப்பாக்களிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். பராமரிப்புப் பொறுப்பால் வேலைச் சந்தைக்கு வெளியே நிற்கும் பெண்கள் உலகம் முழுவதும் 70.8 கோடி, ஆண்கள் 4 கோடி என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் மதிப்பிட்டது. இத்தனை கோடிப் பேருக்குப் பொதுவாக இருக்கும் ஒன்றை ஒவ்வொருத்தியின் வீட்டுப் பிரச்சினையாக எப்படி ஒதுக்க முடியும்?

குடும்பத்துக்கு உகந்த தொழில் என்று சொன்னால், பட்டறை மூலையில் ஒரு பாயும் நாலு பொம்மையும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தையல் நடக்கும் இடத்தில் அது ஆபத்து. ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தர வேண்டும் என்ற நடைமுறை பெரிய ஆடைத் தொழிற்சாலைகளில் உண்டு. விற்கும் துணிக்குள் ஒரு துண்டுகூடப் போய்விடக் கூடாது என்பதற்காக. தவழும் குழந்தை அதே தரையில் இருந்தால் எவ்வளவு கவனம் வேண்டும்! சூடான இஸ்திரிப் பெட்டி, தொங்கும் ஒயர், கத்தரிக்கோல், வாயில் போட்டுக்கொள்ளத் தோதான பட்டன். ஆகவே பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும், நாங்கள் எட்டிப் பார்க்கும்படி பாதி உயரக் கதவு வேண்டும், அவர்களைக் கவனிப்பதே வேலையாக ஒருவர் வேண்டும், அவருக்குச் சம்பளமும் வேண்டும். இதையெல்லாம் செய்துதான் பட்டறையை நடத்துகிறோம். கடனில் இதற்கென்று ஒரு பங்கு இருந்திருந்தால் ஆரம்பத்திலேயே செய்திருப்போம்.

குழந்தையோடு இருப்பதால் தொழிலுக்கு வரும் லாபத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஏழு வயதுக்குட்பட்டவர்களின் உடையில் தலை, கழுத்துப் பகுதியில் இழுத்துக் கட்டும் கயிறு கூடாது என்கிறது ஐரோப்பியத் தரநிலை. விளையாடும்போது எதிலாவது மாட்டி கழுத்தை இறுக்கிவிடும் என்பதுதான் காரணம். எங்கள் பட்டறையில் அந்தப் பேச்சு வந்தபோது யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எந்தத் தையல் தோலை உரசும், எந்தப் பட்டனை ஒரு வயதுக் குழந்தை பிடுங்கிவிடும் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி.

அடுத்து தவணை. கடன் கிடைத்த சில நாட்களிலேயே முதல் தவணை வந்து நிற்கிறது. துணி வாங்கி, வெட்டி, தைத்து, விற்றுக் காசு கைக்கு வருவதற்கு முன்பே கட்ட வேண்டும். கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆய்வு 2013இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ என்ற பொருளாதார ஆய்விதழில் வந்தது. வழக்கமான இரண்டு வாரத்துக்குப் பதிலாக இரண்டு மாதம் கழித்து முதல் தவணையைத் தொடங்க, கடன் வாங்கியவர்களில் ஒரு பகுதியினரை அனுமதித்துப் பார்த்தார்கள். அவர்கள் தொழிலில் கூடுதலாக முதலீடு செய்தார்கள், சுமார் மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது லாபமும் கூடியிருந்தது. அந்தப் பகுதியினரில் கடனைக் கட்டத் தவறியவர்களும் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அந்தக் கவலை இருப்பது நியாயம். இந்த அவகாசத்தை எல்லோருக்கும் தர முடியாவிட்டால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ளவர்களுக்கு மட்டுமாவது கொடுத்துப் பாருங்கள்.

சிறு குழந்தைக்கு வருடத்தில் 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கலாம். வரும் என்று முன்கூட்டியே தெரிந்த விஷயம் இது. அப்படியிருக்க, தவணை ஒரு வாரம் தள்ளிப்போனால் அதை ஒழுங்கீனமாகக் குறித்துவைப்பது சரியில்லை. வருடத்துக்கு இரண்டு தவணையைக் கேள்வியில்லாமல் தள்ளிவைக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிரசவத்துக்கும் இதே போல ஒரு ஏற்பாடு வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை குறைந்தது 14 வார விடுப்பு என்கிறது, ஆனால் அது இன்னொருவரிடம் வேலை பார்க்கும் பெண்களுக்கானது. சொந்தத் தொழில் செய்யும் பெண்களுக்கும் அதே 14 வாரத்துக்கு உதவித்தொகை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் தன் உறுப்பு நாடுகளுக்கு விதித்தது. உதவித்தொகை உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். தவணையை 14 வாரம் நிறுத்திவைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அப்புறம் வகுப்பு நேரம். வேலைக்குப் போகிறவர்கள் வரட்டும் என்று மாலையில் வைக்கிறீர்கள். பிள்ளைக்குச் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, தூங்கவைக்கும் நேரம் அதுதான். காலையில் ஒரு வகுப்பு வையுங்கள், கைக்குழந்தையோடு உள்ளே வர விடுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ மற்ற உணவோடு தாய்ப்பால் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. “குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் வாங்க” என்று ஒருத்தியிடம் சொன்னால், இரண்டு வருடம் தொழிலைத் தள்ளிப்போடு என்று சொல்வதாகத்தான் ஆகிறது.

அடுத்த குழுவுக்கான படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன், குழந்தை பராமரிப்புச் செலவுக்கு அதில் ஓர் இடம் போடுங்கள். தவணை விதிகளை மாற்ற நாளாகலாம், இதற்கு ஆகாது. வரைவைப் படித்துக் கருத்துச் சொல்ல நானும் என்னோடு தைப்பவர்களும் தயாராக இருக்கிறோம். மூத்த பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, காலையில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்களிடம் பயின்று தொழில் நடத்தும் ஓர் அம்மா